இது ஒத்திகை இல்லை

"ஒரே ஒரு மத்தியானம்மா. நானும் ஆமையும் ரயில் ஏறிப் போறோம், மியூசியம் பாக்குறோம், திரும்பி வர்றோம். இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பஞ்சாயத்து?"

மகள் மேஜையைத் தட்டினாள். மேஜை மேல் விரிந்து கிடந்த மெட்ரோ வரைபடம் துள்ளியது. லீவுக்குப் போகப்போகும் பெருநகரத்தின் வரைபடம். நூல்கண்டைப் பூனை உருட்டிவிட்டது மாதிரி நீலமும் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடின.

அம்மா அதன் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். டயர் தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் யார் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று பழக்குவது அவள் வேலை. திடீர் திடீரென்று அபாயச் சங்கை ஊத வைத்து, பாதி டீயோடு ஆட்களை வெயிலில் வரிசையாக நிறுத்துவாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் 'சங்கு மேடம்'. வீட்டிலும் அதே பெயர்தான், அவள் காதில் விழாத வரைக்கும்.

"வழியில ரயில் மாறணும். மாறுற இடத்துல இவன் ஏறுறதுக்குள்ள கதவு மூடிட்டா?"

'இவன்' என்பது தம்பி. பதினாலு வயது. அவன் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் தெருமுனைக்குப் போய்விடுவார்கள் என்பதால் ஆமை.

"அங்கேயே நிப்பேன். அக்கா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வருவா," என்றான் ஆமை, பாடம் ஒப்பிப்பதுபோல.

"சொல்றது வேற, செய்றது வேற. போன வாரம் பாத்தோமே."

மகளின் முகம் சிவந்தது. அவளுக்குப் பதினாறு வயது. விவாதம் என்று வந்துவிட்டால் விடமாட்டாள். அப்பா வைத்த பெயர் 'வக்கீல்'.

"போன வாரத்தப் பத்தி நீ பேசவே கூடாது."

போன வாரம் நடந்தது இதுதான். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அம்மா திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. பிள்ளைகள் கவுன்டர் பக்கம் போய் விசாரித்தபோது அங்கே நின்றிருந்த ஒருவர், "அந்த அம்மாவா? மயங்கி விழுந்துட்டாங்கப்பா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார். ஆமை பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். வக்கீலுக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஸ்டாப்வாட்சோடு அம்மா வெளியே வந்தாள். அந்த ஆள் அவளோடு வேலை பார்க்கிறவராம்.

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீங்களா? போலீஸ் பூத் பத்தடி தள்ளி இருந்துச்சு, போனீங்களா? ரெண்டு பேரும் ஃபெயில்," என்றாள் அம்மா இப்போதும்.

"அம்மா செத்துட்டாளோன்னு அழுற புள்ளைக்கு மார்க் போட்ட ஒரே ஆள் நீதான்!"

"ஒரு தடவ விட்டுத்தான் பாரேன்," என்று அப்பா இழுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாது மனிதர்.

"நீங்க சும்மா இருங்க."

"அதத்தான் கல்யாணம் ஆனதுலேர்ந்து செய்றேன்."

அம்மா வரைபடத்தை மடித்தாள். "சரி. இன்னொரு ஒத்திகை. அதுல பாஸானா அந்த மத்தியானம் உங்களுது. இல்லன்னா நாலு நாளும் என் கையப் புடிச்சிட்டுத்தான் நடக்கணும்."

"எப்ப?"

"சொல்லிட்டு வெச்சா அது ஒத்திகை இல்ல, நாடகம்."

"ஓகே," என்றாள் வக்கீல், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து. "ஆனா ஒண்ணு. இனிமே நீ தீப்பிடிச்சு எரிஞ்சாக்கூட, கேமராமேன் எங்கன்னுதான் மொதல்ல தேடுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பயணத்துக்கு ஷூ வாங்க அம்மாவும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் கிளம்பினார்கள். வாசலில் அம்மா கணவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இன்னைக்கு வெச்சிடுறேன். புள்ளைங்க போன் பண்ணா எடுக்காதீங்க. போன வாரம் நீங்க எடுத்து உளறிட்டா என்ன பண்றதுன்னு எனக்குப் பக்கு பக்குன்னு இருந்துச்சு. பேசாம போன அணைச்சு வெச்சிடுங்க."

"கஸ்டமர் கூப்பிட்டா?"

"கொஞ்ச நேரம் கண்ணாடி இல்லன்னா யாருக்கும் கண்ணு போயிடாது."

வணிக வளாகத்தில் கூட்டம் நெரித்தது. தரைத்தளத்து ஷூ கடையில் ஆமை மூன்றாவது ஜோடியின் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா, "பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்," என்று நழுவினாள். வக்கீல் தம்பியை முழங்கையால் இடித்தாள். "ஆரம்பிச்சாச்சு," என்றது அவள் பார்வை.

நடுக்கூடத்தைச் சுற்றி எல்லா மாடியிலும் கைப்பிடிச் சுவர் உண்டு. நாலாவது மாடியில் நின்றால் ஷூ கடை வாசல் துல்லியமாகத் தெரியும். பிள்ளைகள் கண்ணில் படாமல் மேலே போகப் பின்பக்கத்துச் சரக்கு லிஃப்ட்தான் வழி. அம்மா அதில் ஏறினாள். உள்ளே தைத்து முடித்த திரைச்சீலைகளை மூட்டையாக அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். நாலாவது மாடியில் தையல் கவுன்டர் வைத்திருப்பவள்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்து, மங்கலாக ஒன்று எரிந்தது.

அம்மா பதறவில்லை. இது அவள் துறை. அபாய மணியை அழுத்தினாள். சத்தமே இல்லை. அவசர போனை எடுத்துக் காதில் வைத்தாள். அது செத்துப்போய் எத்தனை மாதம் ஆயிற்றோ.

"இந்தக் கட்டடத்துக்கு எந்தப் புண்ணியவான் சர்ட்டிஃபிகேட் குடுத்தான்?" என்று கதவை ஓங்கி அறைந்தாள். பதிலுக்கு மேலிருந்து டர்ர்ர் என்று துளையிடும் இயந்திரத்தின் சத்தம் வந்தது. மூன்றாவது மாடியில் சுவரை உடைத்து வேலை நடக்கிறது. அந்தச் சத்தத்தில் இவள் தட்டுவது யாருக்குக் கேட்கும்? சத்தத்தோடு சேர்ந்து சிமென்ட் தூசியும் காற்றோட்டத் துளை வழியாகப் பொலபொலவென்று உள்ளே இறங்கியது.

தையல்காரி இருமினாள். மறுபடி இருமினாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"எனக்கு... இழுப்பு இருக்குக்கா. தூசு ஆகாது."

"மருந்து?"

"மேல... கவுன்டர்ல. பச்சைப் பையில. போனும் அதுலதான்."

அம்மா அவளைத் தரையில் உட்காரவைத்து, முன்பக்கம் சாய்ந்து கைகளை முழங்காலில் ஊன்றச் சொன்னாள். பையிலிருந்த தண்ணீரில் தன் துப்பட்டாவை நனைத்து மூக்கருகே பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். பிறகு போனை எடுத்தாள். அவசர எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு மணி அடித்தது, அறுந்தது. மறுபடி அழுத்தினாள், அதுவும் போகவில்லை. இரும்புப் பெட்டிக்குள் குரல் ஏறவில்லை. போனை மூலையில் உயர்த்திப் பிடித்தால் மட்டும் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. மெசேஜ் போகலாம்.

யாருக்கு? கணவருக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன பேச்சைத் தட்டாதவர். போன் அணைந்தே இருக்கும்.

கட்டடத்துக்குள்ளேயே இருப்பவர்கள் பிள்ளைகள்தான்.

'பின்பக்க சரக்கு லிஃப்டில் மாட்டிக்கிட்டேன். கூட இருக்கிற பெண்ணுக்கு மூச்சுத்திணறல். உடனே வாட்ச்மேனைக் கூட்டிட்டு வா.'

மகளிடமிருந்து பதில் உடனே வந்தது.

'சூப்பர்மா. போன வாரம் மயக்கம், இந்த வாரம் மூச்சுத்திணறலா? அந்த ஆன்ட்டி எந்த டிபார்ட்மென்ட்?'

அம்மா திருப்பி அடித்தாள். 'நடிப்பு இல்லை. நிஜம்.'

'அப்பாவுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அப்பா கடை நேரத்துல போன என்னைக்காவது அணைச்சிருக்காரா? ஏற்பாடு பக்கா. போட்டோ அனுப்பு, நம்புறேன்.'

மங்கல் வெளிச்சத்தில் தையல்காரியைப் படம் எடுத்து அனுப்பினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை.

'போட்டோ போகல. சிக்னல் இல்ல.'

'போகாதுன்னு எனக்கும் தெரியும்.' கூடவே கண்ணடிக்கும் ஒரு மஞ்சள் முகம்.

தையல்காரியின் மூச்சில் விசில் சத்தம் ஏறியிருந்தது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தோள்கள் காதுவரை எழும்பின. "உங்க... பசங்களா?"

"ஆமா. பேசாதம்மா, மூச்ச மெதுவா விடு."

"வர்றாங்களா?"

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க."

"ஏன்?"

"போன வாரம் சொன்னேன்."

தையல்காரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்க நிறைய இருந்தது போல. மூச்சு இடம் கொடுக்கவில்லை.

போன் அதிர்ந்தது. 'நாங்க யோசிச்சு முடிவெடுத்துட்டோம். தொலைஞ்சா வீட்டுக்குப் போய்ச் சேரணும், அதான ரூல்? பஸ் ஏறிட்டோம். நீ ஸ்டாப்வாட்ச நிறுத்திக்கலாம்.'

அம்மா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பஸ் ஏறிவிட்டார்கள். நாலு வருடப் பழக்கத்தில், எத்தனையோ ஒத்திகையில், எத்தனையோ பேரைப் பார்த்து அவள் கத்தியிருக்கிறாள்: நிஜம்னு நெனைச்சு ஓடுங்கய்யா! இப்போது நிஜம் வந்து நிற்கிறது. அதை நிஜம் என்று சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. சத்தியம் பண்ணினால்? நடிப்பு என்பாள். அழுதால்? பிரமாதம் என்பாள். கெஞ்சக் கெஞ்ச நாடகம்தான் நீளும்.

நம்ப வைக்க முடியாது. நம்பாமலே வர வைக்க வேண்டும்.

அவள் மகளை நினைத்தாள். எதற்கு வருவாள் அந்தக் கழுதை? ஜெயிப்பதற்கு வருவாள்.

கட்டை விரலால் வேகமாக அடித்தாள். 'பந்தயம். நீ வந்து பாரு. இது ஒத்திகையா இருந்தா, ஊர்ல நாலு நாளும் திட்டம் உன்னுது. நான் எதுலயும் தலையிட மாட்டேன், கூடவும் வர மாட்டேன். இந்த மெசேஜே சாட்சி. வரும்போது நாலாவது மாடித் தையல் கவுன்டர்ல இருக்கிற பச்சைப் பைய எடுத்துட்டு வா. உள்ள இழுப்பு மருந்து இருக்கு. லிஃப்ட் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல.'

அனுப்பினாள். கோடு போயிற்று. கையை உயரத் தூக்கி, குதிகாலில் எம்பி நின்றாள். கோடு வந்தது. 'சென்றது' என்று ஒரு சின்ன அடையாளம். அவ்வளவுதான். பதில் இல்லை.

மேலே துளையிடும் சத்தம் நின்று, மீண்டும் தொடங்கியது. சத்தம் நின்ற இடைவெளியில் அம்மா இரண்டு கையாலும் கதவை அடித்துத் தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் வரவில்லை. தையல்காரியின் உதடு ஓரம் நிறம் மாறியிருந்தது, அல்லது வெளிச்சம் அப்படிக் காட்டியது. அம்மா அவள் முதுகை நீவினாள். "என்னப் பாரு. ஊதுற மாதிரி விடு. விளக்க அணைக்கிற மாதிரி. இன்னொரு தடவ. அப்படித்தான் கண்ணு."

தொழிற்சாலையில் யாரையும் அவள் கண்ணு என்று சொன்னதில்லை.

மறுபடி சத்தம் நின்றபோது, தலைக்கு மேலே கதவிடுக்கில் யாரோ முட்டிபோடும் அரவம் கேட்டது.

"அம்மா?"

"டேய்! ஆமை!"

"நீ நெஜமாவே உள்ளதான் இருக்கியா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா தையல் கடைக்கு ஓடிருக்கா. பொய்யா இருந்துச்சுன்னா நீ செத்தன்னு சொல்லச் சொன்னா."

"பொய் இல்லடா ராஜா. அங்க வேலை பாக்குற ஆளுங்களக் கூப்பிடு. அவங்க காதுல அடைப்பான் இருக்கும், கையப் புடிச்சு இழு."

காலடிகள். ஆட்களின் குரல்கள். பிறகு எல்லாக் குரலுக்கும் மேலே, வளாகமே அதிரும்படி, வக்கீலின் குரல்: "வாட்ச்மேன் அண்ணே, சாவி இருக்குல்ல? அப்புறம் என்ன, மேனேஜரக் கேக்கணுமா? உள்ள மூச்சு நின்னா மேனேஜர் வந்து ஊதுவாரா?"

சாவி திரும்பியது. மூன்றாவது மாடிக் கதவு கிறீச்சிட்டது. லிஃப்ட் கூண்டின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு வெளிச்சப் பட்டை விழுந்தது. அதில் மகளின் முகம், தலைகீழாக. அந்த முகம் முதலில் அம்மாவைப் பார்த்தது. பிறகு தரையில் சுருண்டிருந்த பெண்ணைப் பார்த்தது. உதட்டோரம் தயாராக வைத்திருந்த சிரிப்பு அப்படியே உறைந்து போயிற்று.

"அம்மா..."

அவள் கை மருந்தோடு இடுக்குக்குள் நீண்டது.

"கைய எடு!" அம்மா அலறினாள். "கரன்ட் வந்து லிஃப்ட் நகந்துச்சுன்னா கை போயிடும். மெயின ஆஃப் பண்ணச் சொல்லு. அதுக்கப்புறம்தான் கை!"

கை பின்வாங்கியது. கீழே தையல்காரி நீரிலிருந்து எடுத்த மீனாகத் துடித்தாள். மருந்து ஆறடி உயரத்தில் இருக்கிறது. கையை விட்டுக் கொடுக்க ஒரு நொடி ஆகாது. மகளின் கண்களில் நீர் கோத்தது. ஆனாலும் திரும்பிக் கத்தினாள்: "மெயின் ஆஃபா? நீங்களே உங்க கண்ணால பாத்தீங்களா? யாரோ சொன்னாங்கன்னு சொல்லாதீங்க. ஓடிப்போய்ப் பாருங்கண்ணே!"

அந்த நேரம் நீண்டது. எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. முதல் தடவையாக அவள் கடிகாரம் பார்க்கவில்லை.

"ஆஃப் பண்ணியாச்சு, நானே பாத்தேன்!" என்று தூரத்தில் குரல் வந்தது. மங்கல் விளக்கும் அணைந்தது. இடுக்கு வழியே மருந்துக் குப்பி அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது.

ஒரு இழுப்பு. இன்னொன்று. காத்திருந்து இன்னொன்று. விசில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. தையல்காரி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

மெக்கானிக் வந்து லிஃப்டைக் கையால் சுற்றி இறக்கினார். முதலுதவிக்காரர்கள் தையல்காரியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போகிற போக்கில் அவள் வக்கீலின் கன்னத்தைத் தொட்டாள். "உன்னாலதான் பொழச்சேன்." வக்கீல் அந்தக் கையைத் தாங்க முடியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.



வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. "நீதான அணைக்கச் சொன்ன," என்று அதையே நாலைந்து தடவை சொன்னார். மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா வரைபடத்தை மறுபடி மேஜையில் விரித்தாள். ஓரங்களை நீவிவிட்டாள். "அந்த மத்தியானம் உங்களுது. ரெண்டு பேரும் மியூசியம் போயிட்டு வாங்க."

வக்கீல் நிமிர்ந்தாள். "பந்தயத்துல நான்தான தோத்தேன்?"

"பந்தயமும் இல்ல, மார்க்கும் இல்ல. போங்க."

"நான் போகல," என்றான் ஆமை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன்டா? வருஷம் பூரா இதையே சொல்லிச் சொல்லி என் காதுல ரத்தம் வர வெச்ச!" என்றார் அப்பா.

"நான் அம்மா கூடயே இருக்கேன்." அவன் வரைபடத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "நாங்க ரயில்ல போகும்போது அம்மாவுக்கு எதாவது ஆச்சுன்னா மெசேஜ் வரும். அக்கா நம்ப மாட்டா. இன்னைக்கு பஸ்ல நான் இறங்கலாம் இறங்கலாம்னு சொன்னேன். நடிப்புடான்னு சொல்லிப் பாட்டு கேட்டுட்டு வந்தா. பந்தயம்னு வந்ததாலதான் இறங்கினா."

வக்கீல் தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவ மேல தப்பு இல்லடா," என்றாள் அம்மா. "இனிமே ஒத்திகையே கிடையாது. சத்தியமா."

ஆமை அவளைப் பார்த்தான். குறும்பு இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: "இதுவும் ஒத்திகையா இருந்தா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா வரைபடத்தின் மடிப்பை மறுபடி நீவினாள்.

வக்கீல்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். "இங்க பாரு. மியூசியம் வாசல் வரைக்கும் அம்மாவும் வரட்டும். வெளிய பெஞ்சு இருக்கும். அங்க உக்காரட்டும். நாம மட்டும் உள்ள போயிட்டு வருவோம்."

"ரயில்ல தனியாப் போறது?" என்றார் அப்பா. "அதுக்குத்தானே இத்தன சண்ட?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் வக்கீல், தலை நிமிராமல்.

ஆமை யோசித்தான். அவன் யோசிப்பதும் லேஸ் கட்டுவது மாதிரிதான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"உள்ள வர மாட்டியே?" என்றான் அம்மாவிடம்.

"மாட்டேன்."

"தூணுக்குப் பின்னாடி நிக்க மாட்டியே?"

"மாட்டேன்டா."

"நாங்க வெளிய வரும்போது பெஞ்சுலயே இருக்கணும். டீ குடிக்கக்கூட எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்க மாட்டேன்."

அவன் சுருட்டிய வரைபட ஓரத்தை விரித்துவிட்டான். பிறகு, "சரி," என்றான். பாதி மனசு 'சரி'. அம்மா அதை வாங்கிக்கொண்டாள். வக்கீல் நீலக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட ஆரம்பித்தாள்.